22 மணி நேர வாடகை: மார்த்தாண்டத்துக் குடும்பம் ஒன்று திருவனந்தபுரத்தில் ஒரு ராத்திரி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல் விழும் கடைகளில் ஒன்று என்னுடையது. ரயில் டிக்கெட், விமான டிக்கெட், ரூம் புக்கிங், ஜெராக்ஸ், எல்லாம் உண்டு. துபாய்க்கும் தோஹாவுக்கும் டிக்கெட் போட்டுப் பழகிய கை. 2025 செப்டம்பரில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே ஒரு ராத்திரி அறை போடச் சொல்லி வந்து நின்றது என் சொந்த அக்கா. அதில் எது ஒழுங்காக நடந்தது, எது பிசகியது, பிசகியதில் என் பங்கு எவ்வளவு என்று எழுதி வைக்கிறேன். நான் கூடப் போகவில்லை. அக்கா, அத்தான், அவர்களின் மூத்த மகள் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூன்றும் மூன்று கதையாக இருந்தன. பில்லும் ரசீதும் மட்டும் ஒத்துப் போயின.

ஆட்கள்

ஐந்து பேர். அக்கா, அத்தான் (ஹார்டுவேர் கடை, ஞாயிறு மட்டும் அடைப்பு), ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மருமகள் (வீட்டில் பெரியவள்), அவள் தம்பியான ஆறு வயது மருமகன், அத்தானின் அம்மா. அவரை நாங்கள் எல்லோரும் மாமி என்போம். முழங்கால் வலி உண்டு. நவராத்திரி ஒன்பது நாளும் மீன் தொடமாட்டார்.

அத்தானுக்குச் சீட்டு விழுந்திருந்தது. காலாண்டுத் தேர்வு முடிந்தால் பிள்ளைகளுக்கு லீவு. "எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பெரியவள் ஆரம்பித்து வைத்தாள். மூணாறு என்றால் அத்தானுக்கு இரண்டு நாள் கடை போகும், கொடைக்கானல் மலைப்பாதை என்றால் மாமிக்குத் தலை சுற்றும். அக்காதான் "திருவனந்தபுரத்துலயே ஒரு நல்ல ஹோட்டல்ல ஒரு நாள் தங்கிட்டு வந்தா என்ன?" என்றாள். மாமியின் கேள்வி உடனே வந்தது: "ஹோட்டல்னா சாப்பிடுத எடம்லா? அங்க போயி எதுக்கு ராத்திரி கெடந்து ஒறங்கணும்?"

மாமி கேட்டதில் தப்பில்லை. நம் பேச்சில் ஹோட்டல் என்றால் இட்லி, தங்குகிற இடம் லாட்ஜ். பக்கத்து ஊரில் 'ரூம் போட்டிருக்கோம்' என்று ஒரு குடும்பஸ்தர் சொன்னால் கேட்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் தங்கி லீவைக் கழிப்பதற்கு ஸ்டேகேஷன் என்ற சொல்லைப் பெரியவள்தான் கொண்டுவந்தாள். மாமி அதை "ஸ்டேஷனா?" என்று கேட்டார்.

இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும்

எங்கள் பாட்டா காலத்தில் திருவனந்தபுரம்தான் தலைநகரம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தன. கோட்டையும் செயலகமும் சென்னைக்கு மாறின, கால் மட்டும் பழைய வழியிலேயே நடந்துகொண்டிருக்கிறது. விமானம் ஏற அங்கேதான், பெரிய வைத்தியத்துக்கும் அங்கேதான். மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி., ஸ்ரீ சித்திரா என்ற மூன்று ஆஸ்பத்திரிப் பெயரும் தெரியாத வீடு விளவங்கோட்டில் இருக்காது.

அதனால்தான் ஒரு விஷயத்தை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். இந்தக் குடும்பம் அதற்கு முன் திருவனந்தபுரத்தில் ராத்திரி தங்கியதே இல்லை என்று நான் குறித்து வைத்திருந்தேன். தங்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மாமாவுக்கு, அதாவது அத்தானின் அப்பாவுக்கு, உடம்பு முடியாமல் போனபோது 19 நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் மாமியும் மாறி மாறிப் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நோயாளிக்குத் துணை இருப்பவருக்கான ஒரு பைஸ்டாண்டர் பாஸ், ஒரு பாய், ஒரு ஃபிளாஸ்க். வீடு திரும்பிய ஆறு மாதத்தில் மாமா போய்விட்டார். அறை போட வந்த அன்று அக்கா இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போட்ட திட்டம்

இனி என் தொழில் சங்கதி. கோவளம் பக்கம் சனி, ஞாயிறில் விலை ஏறும். நகரத்துக்குள் இருக்கும் பிசினஸ் ஹோட்டல்களில் பெரும்பாலும் நேர்மாறு. வாரநாளில் கம்பெனி ஆட்கள் நிரப்புவார்கள், ஞாயிறு ராத்திரி அறைகள் காலியாகக் கிடக்கும். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஞாயிறு ராத்திரி. தமிழ்நாட்டில் விடுமுறை, கேரளத்தில் வேலை நாள் என்றால் இன்னும் நல்லது. எல்லையில் வாழ்வதில் கிடைக்கிற சில்லறை லாபங்களில் இது ஒன்று.

அறை ஒன்றுக்கு 5,200 ரூபாய், சி.பி. பிளான். அறையோடு காலைச் சாப்பாடு சேர்ந்தால் தொழிலில் அதற்கு சி.பி. என்று பெயர். ஐந்து பேரை ஓர் அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு அடைக்கலாம் என்று அத்தான் பார்த்தார். ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் அந்த ஹோட்டல் விடாது, அதனால் இரண்டு அறை. செப்டம்பர் தொடக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த கணக்கில் 12 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 11,648 ரூபாய். பணம் அங்கே போய்க் கட்டினால் போதும். இது பின்னால் அத்தானுக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது, அப்போது சொல்கிறேன்.

திட்டம் இப்படி: ஞாயிறு மதியம் 2 மணிக்கு அறை, சாயங்காலம் நீச்சல் குளம், பிறகு கோவளம், திங்கள் காலைச் சாப்பாடு, 12 மணிக்குக் காலி செய்துவிட்டு மிருகக்காட்சிசாலை, மியூசியம், குதிரை மாளிகை என்கிற பழைய அரண்மனை, வீடு. படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விவரம் தெரிந்தவர் இந்நேரம் சிரித்திருப்பார்.

ஞாயிறு

2 மணி என்றால் அத்தான் அகராதியில் 11.30. காரோடு என்ற ஊரில் தொடங்கும் பைபாஸில் கார் சறுக்கிக்கொண்டு போனதாம். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் இல்லாமல் திருவல்லம் டோல் தாண்டினால் நகரம். அறை தயாராக இல்லை. முந்தின ராத்திரி ஏதோ மாநாட்டுக் கூட்டம் தங்கியிருந்து 12 மணிக்குத்தான் காலி செய்கிறது, ஓர் அறையைத் துடைத்துப் படுக்கை மாற்றிக் கொடுக்க ஆளுக்கு அரை மணிக்கு மேல் ஆகும். லாட்ஜில் உள்ள 24 மணி நேரக் கணக்கு இங்கே கிடையாது. 2 முதல் மறுநாள் 12 வரை, ஆக வாங்கியது 22 மணி நேரம். இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தும் அத்தான் "போய்ச் சேர்ந்தா தராமலா இருப்பான்?" என்று கிளம்பியிருக்கிறார். லாபியின் சோபாவில் மாமி புளியோதரைப் பொதியைப் பிரிக்க, ஒரு பையன் ஓடி வந்து மலையாளத்தில் மரியாதையாகத் தடுக்க, மாமி தமிழில் மரியாதையாகத் திட்ட, கடைசியில் வெளியே போய் 1,180 ரூபாய்க்குச் சாப்பிட்டு வந்தார்கள்.

அறை கைக்கு வந்தபோது மணி 2.40. ஒன்று மூன்றாவது மாடி, மற்றது ஐந்தாவது மாடி. அடுத்தடுத்த அறை வேண்டும் என்று நான் கேட்டிருந்தது ஒரு வேண்டுகோள், உறுதி இல்லை. பக்கத்து அறை வேறு, நடுவில் கதவு வைத்த அறை வேறு என்பதையும் நான் அக்காவிடம் பிரித்துச் சொல்லவில்லை. மாமியும் பெரியவளும் ஐந்தில், மற்ற மூவரும் மூன்றில். அந்த லிஃப்டில் அவரவர் அறை அட்டையைத் தொட்டால் அவரவர் மாடிக்கு மட்டும்தான் போகும். மருமகன் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து விட்டான். அத்தான் இரண்டு முறை லாபிக்கே திரும்பி வந்து நின்றாராம்.

குளியலறைக்கு வருவோம். படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவே சுவர் கிடையாது, கண்ணாடி. சின்ன அறையைப் பெரிதாகக் காட்டவும் உள்ளே வெளிச்சம் போகவும் இப்படிக் கட்டுகிறார்கள். உள்பக்கம் ஒரு திரை தொங்கும், கயிற்றை இழுத்தால் இறங்கும். கயிறு இருப்பது தெரியாமல் மாமி முக்கால் மணி நேரம் குளிக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "பேத்திக்க முன்னால எனக்கு இனி என்னத்த மானம்" என்று சொல்லிச் சிரித்ததாகப் பெரியவள் சொன்னாள். அக்கா சொன்னதில் சிரிப்பு இல்லை. வாளியும் மக்கும் அங்கே இல்லை. போனில் கேட்டதும் கொண்டு வந்தார்கள். நம்மவர்கள் கேட்பார்கள் என்று ஒரு அலமாரி நிறைய வைத்திருப்பார்கள். அதை முதலிலேயே வைத்தால் என்ன என்பது எனக்கு இன்றைக்கும் புரியாத ஒன்று.

ஐந்து மணிக்கு நீச்சல் குளம். இங்கேதான் பெரிய அடி. பருத்தி உடுத்து இறங்கக்கூடாது என்று போர்டு. பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், சாயமும் இறங்கும். நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் ஆகும். பெரியவள் புதிதாக வாங்கி வைத்திருந்தது பருத்தி டி-ஷர்ட்டும் லெகின்ஸும். அத்தானுடைய பெர்முடாவும் பருத்தி. குடும்பத்தில் இறங்கத் தகுதி பெற்ற ஒரே ஆள் மருமகன்தான், பள்ளிக்கூட விளையாட்டு நிக்கர் புண்ணியத்தில். அவன் உள்ளே தண்ணீர் அடிக்க, பெரியவள் கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குக் குளம் அடைப்பு. ஹோட்டல் கடையில் நீச்சல் உடை இருந்தது. விலை கேட்ட அத்தான் அதை இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார்.

கோவளம் போகவில்லை. மாமிதான் தடுத்தார். "கோவளம் கடல்தானே, நம்ம ஊர்ல இல்லாத கடலா? நம்ம குமாரசாமி வந்திருக்காரு, அவரைப் பாக்காம கடலைப் பாத்துட்டு என்ன?"

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். முதல் ராத்திரி குழித்துறையில், அடுத்த ராத்திரி நெய்யாற்றின்கரையில். அங்கே போனதும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், குமாரசாமி ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். பூஜை முடிந்து திரும்பி வருவார்கள். திருவிதாங்கூர்த் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து மாறிய பிறகு வந்த வழக்கம். 1956-ல் நடுவே மாநில எல்லை விழுந்தும் நிற்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெய்வங்களே வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஊரில் அறை எடுத்துத் தங்குகின்றன என்று பெரியவள் சொன்னதை மாமி மிகவும் ரசித்தார். என் அழகான திட்டத்தில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. குழித்துறைக்காரனாகிய நான் நவராத்திரி வாரத்தில் அறை போட்டுவிட்டுக் குமாரசாமியை மறந்திருக்கிறேன்.

ஆட்டோவில் ஆரியசாலை, அங்கிருந்து கிழக்கேக்கோட்டை என்கிற ஈஸ்ட் ஃபோர்ட். கோட்டைப் பக்கம் ஒரு கடையில் பெரியவளுக்கு முழுக்கை நீச்சல் உடை 650 ரூபாய்க்குக் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாடு தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டிடம், உள்ளே மாடிப்படியே கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், ஓரமாக மேசைகள். மாமிக்குக் கீழ்ச் சுற்றிலேயே இடம் கிடைத்தது. மருமகன் உச்சி வரை ஓடிப் போய் அங்கிருந்து கூப்பிட்டான். மசால் தோசைக்குள் சிவப்பாக பீட்ரூட் கிழங்கைப் பார்த்து அத்தான் முதலில் பயந்து, பிறகு இரண்டாவது ஒன்றும் வாங்கினார். ஐந்து பேருக்கு 540 ரூபாய். நான் எழுதிக் கொடுத்த எதிலும் இல்லாத இந்த மூன்று மணி நேரம்தான் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியது.

விடியற்காலை 4.30

அக்காவுக்கு வழக்கமான நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது. வீட்டில் என்றால் அடுப்பு, பால், மூன்று டிபன் பாக்ஸ். அங்கே ஒன்றும் இல்லை. "கை ரெண்டையும் எங்க வைக்கதுன்னே தெரியல லே" என்றாள். இருட்டில் கெட்டிலைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்த இரண்டு தேயிலைப் பையையும் பால்பொடியையும் பார்த்துவிட்டு, ஐந்தாவது மாடிக்கு இன்டர்காம் அடித்திருக்கிறாள். ஒரே மணியில் மாமி எடுத்தார். அவரும் விழித்துத்தான் கிடந்திருக்கிறார்.

"சாயா குடிக்கியளா?"

"இங்கயும் அந்தக் குடுவை இருக்கு. நீ மேல வா, பிள்ள ஒறங்குதா."

லிஃப்ட் விடாது. அக்கா இரண்டு மாடி படியேறிப் போயிருக்கிறாள், கையில் தன் பங்கு பால்பொடியோடு. ஜன்னல் திரையை விலக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தென்னைகளுக்கு நடுவே விளக்குகள். எந்தப் பக்கம் மெடிக்கல் காலேஜ் என்று மாமி கேட்டார். அக்காவுக்குத் திசை தெரியவில்லை, ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினாள். கெட்டில் கொதித்துத் தானாக டக்கென்று நின்றதை மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"அன்னைக்கு இந்த ஒரு ஃபிளாஸ்க் சுடுவெள்ளத்துக்கு எத்தன படி எறங்கி, எத்தன நேரம் நின்னோம் மக்ளே. இப்பம் பாரு, சுவிட்ச் போட்டா வருது."

அதற்கு மேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அக்கா சொல்லவில்லை, நானும் துருவவில்லை. ஆறரை வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரைப் பொட்டலம் தீர்ந்துபோய்க் கடைசிச் சாயா சர்க்கரை இல்லாமல்.

திங்கள்

ஏழு மணிக்குக் குளம் திறந்ததும் பெரியவள் முதல் ஆளாக இறங்கினாள், எட்டரைக்குத்தான் ஏறினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. நாலடித் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள், அது போதுமானதாக இருந்திருக்கிறது.

காலைச் சாப்பாட்டில் அப்பம், கடலைக்கறி, புட்டு, இட்லி, பக்கத்திலேயே கோழி சாசேஜ். அதிலிருந்த கரண்டி கடலைக்கறிக்கு வந்து போகிறதா என்று மாமி கொஞ்ச நேரம் காவல் நின்று பார்த்துவிட்டு, பழமும் டோஸ்ட்டும் எடுத்துக்கொண்டார். அக்கா தன் தட்டை வைத்துவிட்டு எழுந்து எழுந்து மற்றவர்களுக்குப் பரிமாறப் போயிருக்கிறாள். மூன்றாவது தடவை எழும்பியபோது பெரியவள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நீ இரி" என்றாளாம். அக்கா இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள், முதலில் சொன்னது மறந்துவிட்ட மாதிரி.

காலி செய்யும்போது பில் வந்தது. அறை 10,400, வரி 520. செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருந்தது. நான் எழுதிக் கொடுத்ததைவிட 728 ரூபாய் குறைவு. அத்தான் அந்த பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், ஏதோ நான் அடித்துவிடப் பார்த்த பணத்தை அவர் பிடித்துவிட்ட மாதிரி. அடியில் இன்னொரு வரியும் இருந்தது: மினிபார், 210. மருமகன் முந்தின மதியமே முந்திரிப் பொட்டலத்தை முடித்துவிட்டுக் காலிக் கவரை மடித்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்திருந்தான்.

பிறகு மிருகக்காட்சிசாலை வாசல். திங்கட்கிழமை. அடைப்பு. 1857-ல் தொடங்கிய, நாடெங்கும் பெயர் பெற்ற இடம், திங்கள் விடுமுறை என்பது வாசலில் எழுதியே இருக்கிறது. அதே வளாகத்தில் சிஷோம் வடிவமைத்த, 1880-ல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியம், அதுவும் திங்கள் அடைப்பு. குதிரை மாளிகையும் அப்படியே. நான் எழுதிக் கொடுத்த மூன்று இடமும் ஒரே நாளில் மூடும் இடங்கள். ஞாயிறு ராத்திரி மலிவு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, ஞாயிறுக்குப் பின் திங்கள் வரும் என்பது தோன்றவில்லை. மருமகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் போனில் எனக்குக் கேட்டது.

கணக்கு

அறையும் வரியும் 10,920. ஞாயிறு மதியச் சாப்பாடு 1,180, நீச்சல் உடை 650, காபி ஹவுஸ் 540, பெட்ரோல், டோல், ஆட்டோ எல்லாம் சேர்த்து 900, முந்திரி 210. மொத்தம் 14,400. அத்தான் ஒதுக்கியது 12,000. 2 மணிக்குப் போயிருந்தால் 1,180 மிச்சம், உடை விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ஊரிலேயே பாதி விலைக்கு முடிந்திருக்கும்.

பிசகு எங்கே

லிஃப்ட், கண்ணாடி, வாளி எல்லாம் சில்லறை. முதல் பிசகு என்னுடையது: யாருக்காகப் போகிறார்கள் என்று கேட்காமல் எங்கே போகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். பையனுக்கு என்றால் செவ்வாய் காலை மிருகக்காட்சிசாலை திறக்கும் மாதிரி திங்கள் ராத்திரி போட்டிருக்க வேண்டும், கூட 500 போனாலும் சரி. பெரியவளுக்கு என்றால் குளத்தின் விதியை முதலில் படித்திருக்க வேண்டும். அக்காவுக்கும் மாமிக்கும் என்றால், அறையை விட்டு வெளியே போகிற திட்டமே தேவையில்லை. 22 மணி நேரத்தில் அக்கா அறைக்குள் இருந்தது தூக்கத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் வரும். மிச்சமெல்லாம் என் காகிதத்துக்குப் பின்னால் ஓடியது.

அத்தான் இன்றைக்கும் "அந்தக் காசுக்கு ஒரு பீரோ வாங்கியிருக்கலாம்" என்கிறார். அந்த பில்லை மட்டும் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.

கார்த்திகையில் அக்கா மறுபடி கடைக்கு வந்தாள். ஓர் அறை போதும், அவளும் மாமியும் மட்டும். ஆண்பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, பெரியவளையும் சேர்க்காமல். "எங்கயும் எழுதித் தராதே" என்றாள். வாளியும் மக்கும், சர்க்கரைப் பொட்டலம் கூட நாலும் வேண்டும் என்று நானே ஹோட்டலுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். மருமகன் பக்கத்தில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அது திங்களா?"